உப்பைப் பார்த்து மாத்திரை

சில வாரம் தூக்கமே வேண்டாத வேகம், சில வாரம் பாயை விட்டு எழ முடியாத சோர்வு. இந்த இருமுனைக் கோளாறுக்கு 1949-இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் கொடுத்துப் பார்த்த மருந்து லித்தியம். அதன் இடத்தை இன்னும் எதுவும் முழுதாகப் பிடிக்கவில்லை. தனிம அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேலே இருப்பதால், சிறுநீரகம் இதையும் ஏறக்குறைய சோடியமாகவே நடத்துகிறது. உடம்பில் உப்பு குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும்.

இதை உலகம் கசப்பாகத்தான் கற்றது. அதே 1949-இல் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகள் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைத் தூவிக்கொண்டார்கள். சிலர் இறந்தேபோனார்கள். அந்நாடு லித்தியத்தை மருந்தாக ஏற்க 1970 ஆயிற்று.

லிட்டர் ரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். இவ்வளவு ஒடுங்கிய இடைவெளிக்குள் எத்தனை மாத்திரை ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை எடையை வைத்தோ வயதை வைத்தோ மட்டும் சொல்லிவிட முடியாது.

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார். இடுப்பு வலிக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவார். அதுவும் லித்தியத்தை ஏற்றும். ரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு வகை மாத்திரை இருந்தால் இன்னும் ஏறும். வியர்வையிலோ கொஞ்சம் லித்தியம் வெளியே போகும். கூட்டிக் கழித்தால் அளவு எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்க முடியாது. ரத்தம்தான் சொல்ல வேண்டும். ஆகவே மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?' என்பதுதான் என்பேன்.

பரிசோதனைக்கும் ஒரு கணக்கு உண்டு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. அந்நேரம் அவர் பாத்தியில் நிற்பார். ஆய்வகம் வந்தால் கூலி போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை நிற்கும்போது எடுத்தால் கூலிக்கு நட்டமில்லை. ஆனால் அடைமழையில் எடுத்த அந்த எண்ணை நம்பிச் சித்திரை வெயிலுக்கு மாத்திரை எழுத முடியாது.