விசிறிச் சிப்பியும் நம் கரையோரத்து மட்டியும்

தில்லி மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பிலிருந்து வாசகி ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய புதல்வர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஐ.என்.ஏ. சந்தையிலிருந்து உறைபனியில் வைத்த ‘ஸ்காலப்’ என்னும் கடற்பண்டத்தை வாங்கிவந்து தாமே சமைத்துப் பரிமாறினாராம். வீட்டில் பாதிப் பேர் அதை அமிர்தம் என்று கொண்டாட, மீதிப் பேர் தட்டைத் தொடாமலே எழுந்துவிட்டார்களாம். இது என்ன பிராணி, நம் ஊர்க் கழிமுகங்களில் கிடைக்கும் மட்டிக்கு இது உறவா, ஒருவருக்கு அமிர்தமாவது அடுத்தவருக்கு அருவருப்பாவது எதனால் என்று மூன்று வினாக்களை அவர் விடுத்திருக்கிறார். கடலுக்கு நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருக்கும் ஒரு நகரத்தில் எழுந்த இந்த வினாக்கள், கடலை வாசலிலேயே வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டாருக்கும் உபயோகமானவை என்று தோன்றியதால், விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு ஓடுகளுக்கு நடுவே வாழும் சிப்பியினத்தைப் பற்றிப் பாலபாடமாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முத்துக் குளித்த நாட்டார்க்கு அது தெரிந்ததே. ஸ்காலப் அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். அதன் ஓடு விரித்த விசிறியைப் போல் வரிவரியாக இருப்பதால் அதை விசிறிச் சிப்பி என்றே இங்கே குறிப்பிடுகிறேன். அதன் உருவத்தைக் காணாதவர் அநேகமாக இருக்க முடியாது. ஷெல் எண்ணெய்க் கம்பெனி 1904 முதல் தன் அடையாளச் சின்னமாக வைத்திருப்பது இந்த ஓட்டைத்தான். இந்தியக் கடல்களிலும் இதன் இனத்தவை சில உண்டெனினும் சந்தைக்கு வரும் அளவில் அவை அகப்படுவதில்லை. உலகத்துச் சமையலறைகளுக்குப் போவனவற்றுள் பல ஜப்பானின் ஹொக்கைடோ, பிரான்சின் பிரெத்தான், வட அமெரிக்காவின் கீழைக்கரை முதலிய குளிர்ந்த கடற்பிரதேசங்களிலிருந்து கிடைப்பவை.

மட்டி சேற்றில் புதைந்து கிடக்கிறது. ‘ஆய்ஸ்டர்’ எனப்படும் ஆளி பாறையைப் பற்றிக்கொண்டு ஆயுள் முழுவதும் ஓரிடத்தில் கழிக்கிறது. விசிறிச் சிப்பியின் சுபாவமோ வேறு. ஓட்டின் விளிம்பை ஒட்டி அதற்குச் சிறுசிறு கண்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. சில இனங்களில் அவை இருநூறு வரை இருக்கும். நம் கண்ணில் ஒளி முன்புறத்திலேயே குவிக்கப்படுகிறது; அதன் கண்ணிலோ ‘குவானின்’ என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் பின்புறத்தில் கண்ணாடி பதித்தாற்போல் அடுக்கப்பட்டு, வந்த ஒளியைத் திருப்பியனுப்பிப் பிம்பத்தை உண்டாக்குகின்றன. இந்தக் கண்ணாடியின் நுட்பமான அமைப்பு 2017-இல்தான் விளக்கமாகத் தெரியவந்தது. நட்சத்திர மீனைப் போன்ற சத்துரு நெருங்கினால் இந்தப் பிராணி ஓடுகளைப் படபடவென்று தட்டி, உள்ளிருக்கும் நீரைக் கீலின் இரு பக்கங்களிலும் பீறிடச் செய்து, வாய்ப்புறம் முன்னாக நீந்திப் போய்விடுகிறது.

இந்த நீச்சலுக்கு ஆதாரமான தசையே நாம் உண்ணும் பகுதி. சிப்பியின் ஓடுகளை இணைக்கும் கீலில் ரப்பரையொத்த ஒரு பொருள் இருக்கிறது. அது எப்பொழுதும் ஓடுகளைத் திறக்கவே முயன்றுகொண்டிருக்கும். ஆகவே திறப்பதற்கென்று சிப்பிக்குத் தசை கிடையாது. மூடுவதற்கு மட்டுமே உண்டு. அந்த மூடுதசை விசிறிச் சிப்பியில் இரண்டு பகுதிகளாக அமைந்திருப்பதுதான், இந்தப் பிராணியின் விசித்திரங்கள் அனைத்திலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. பெரிய பகுதி துரிதமானது. நொடிப்பொழுதில் சுருங்கி ஓட்டைத் தட்டும், ஆனால் விரைவில் களைத்துப்போகும். அதன் பக்கத்தில் வெண்மையாக ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு பகுதியோ மெதுவானது; ஒருமுறை சுருங்கி இறுகிவிட்டால், ஏறக்குறைய எவ்விதச் சக்தியையும் செலவிடாமல் மணிக்கணக்காக அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். நான் முன்பு குடியிருந்த வீட்டின் வாசற்கதவு தானே திறந்துகொள்ளும் கோணலுடையது; அதைக் கையால் சாத்திப் பிடித்திருப்பது எவ்வளவு நேரம் சாத்தியம்? தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் இரவு முழுவதும் கவலையில்லை. பெரிய தசை கை. சிறிய தசை தாழ்ப்பாள். நம் உடம்பின் தசைகளோ ஒரு பாரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கணமும் சக்தியைச் செலவழித்தே தீர வேண்டும். மூளையென்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத இந்த ஜந்துவிடம், செலவில்லாமல் உறுதியாக இருக்கும் வித்தையை இயற்கை ஒப்படைத்திருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

சமையல் முறை முழுவதும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. தாழ்ப்பாளாக இருந்த அந்தச் சிறு துண்டு எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பராகவே இருக்கும். ஆதலால் விரலால் உரித்து அதை எடுத்துவிட வேண்டும். பெரிய பகுதியோ மென்மையானது. கிளைசின், கிளைகோஜன் என்ற பொருள்கள் செறிந்திருப்பதால் இயல்பாகவே இனிப்பானது. உறைந்த துண்டுகளைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு வைத்து நிதானமாக இளக விட்டு, துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, இரும்புத் தோசைக்கல்லைப் புகை எழும் தறுவாய் வரை காயவைத்து, கொஞ்சம் எண்ணெயிட்டு இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். ஒன்றரை நிமிஷத்திலிருந்து இரண்டு நிமிஷம் வரையில் அசைக்காமல் விட்டால் அடிப்புறம் பொன்னிறமாகும்; திருப்பிப் போட்டு அதைவிடக் குறைந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். உப்பும் மிளகும் அதற்குப் போதும். புளிக்குழம்பில் போட்டுக் கொதிக்க விடுவது அதைப் பாழாக்குவதே ஆகும். சில வியாபாரிகள் எடையைக் கூட்டுவதற்காகப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஊறவைத்து விற்கிறார்கள்; அத்தகைய துண்டு கல்லில் விழுந்ததும் நீரைக் கக்கித் தானும் சிவக்காமல் வெந்து சுருங்கும். வாங்குபவர் உறையின் மீதுள்ள எழுத்தைப் படித்துப் பார்ப்பது நலம்.

மட்டிக்கும் ஆளிக்கும் முறை வேறு, ஏனெனில் அங்கே தசையை மட்டுமன்றிப் பிராணி முழுவதையும் உண்கிறோம். மட்டியை உப்புநீரில் சில மணி நேரம் விட்டு மணலைக் கக்கச் செய்து, ஓட்டோடு ஆவியில் வேகவைப்பார்கள். வெப்பத்தில் மூடுதசை பிடியை விட்டதும் கீல் ஓட்டைத் திறந்துவிடுகிறது. சமைப்பதற்கு முன்பே வாய் பிளந்திருந்து, தட்டினாலும் மூடிக்கொள்ளாதது செத்துப்போன மட்டி; அதை எறிந்துவிட வேண்டும்.

வாசகியின் மூன்றாவது வினாவுக்கும் இங்கேயே பாதி விடை இருக்கிறது. குடலும் செவுளும் உட்பட முழு உயிரையும் வாயிலிடத் தயங்குபவர், வெறும் தசையான விசிறிச் சிப்பியைத் தயக்கமின்றி உண்டுவிடுவார். அந்தத் தசையோடு ஒட்டியிருக்கும் செந்நிறச் சினையைப் பிரெஞ்சுக்காரர் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அமெரிக்கர் அதை வெட்டி எறிகிறார்கள். மறுபாதி விடை பழக்கத்திலும் ஆசாரத்திலும் இருக்கிறது. துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ் பிராணியை ஆசாரமுள்ள யூதர் உண்பதில்லை. கடலுயிர்களில் மீனை மட்டுமே ஏற்கும் ஹனபி மத்ஹப் என்ற சட்டநெறியைப் பின்பற்றும் வடநாட்டு முஸ்லிம்கள் சிப்பியை விலக்க, ஷாபி மத்ஹபைப் பெரும்பாலும் தழுவிய மலபாரிலும் தமிழ்க் கடற்கரையிலும் அது தடையின்றி உண்ணப்படுகிறது. மலபாரில் கல்லும்மக்காய் என்னும் சிப்பியின் ஓட்டுக்குள் அரிசிமாவை அடைத்து அவித்துப் பொரிக்கிறார்கள். கோவாவில் மட்டியைத் தேங்காயோடு சமைக்கிறார்கள். வங்காளத்துக் கிராமங்களில் குளத்து நத்தை உணவாகிறது. நம் கன்னியாகுமரிக் கரையில் பாறைச் சிப்பியை மூழ்கியெடுத்து உண்போர் இருக்கிறார்கள். நாக்கு தானாக எதையும் வெறுப்பதில்லை. சிறுவயதில் அடுப்பங்கரை எதை அறிமுகம் செய்ததோ அதையே அது உறவென்று கொள்ளுகிறது. ஆகையால் மோதி பாக் வீட்டில் தட்டைத் தொடாமல் எழுந்தவர்களைக் குறை சொல்லவும் வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். ஒவ்வாமை என்பது வேறு விஷயம்; இறால், நண்டு தின்றால் உடம்பு தடிக்கும் என்பவர் சிப்பியிலும் ஜாக்கிரதையாக இருப்பது அவசியம். இரண்டிலும் உள்ள ‘ட்ரோப்போமையோசின்’ என்னும் புரதமே பலருக்கு அந்த ஒவ்வாமையை உண்டாக்குகிறது.

என் மனத்தை வருத்துவது தட்டைத் தொடாதவர்களுடைய மறுப்பன்று; நம்முடைய அலட்சியம். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் பூசிய நாம், அதற்குள் இருந்த உணவைக் கரையோரத்து ஏழைகளின் பண்டமென்று ஒதுக்கிவிட்டோம். இரும்புச் சத்தும் பி12 வைட்டமினும் மட்டியைப் போல் செறிந்த உணவு சிலவே. சோகை நோய் மிகுந்த நாட்டில் இது அற்ப விஷயமன்று. ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1910-ஆம் ஆண்டளவிலேயே பழவேற்காட்டு ஏரியில் ஆளி வளர்ப்பைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். எழுபதுகளில் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கு நல்ல முறைகளை வகுத்தார்கள். ஆனாலும் நம் அங்காடிகளில் ஆளியைக் காண்பது அரிதாகவே இருக்கிறது. கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலில், மட்டி அருகிவந்த காலத்தில் ஆராய்ச்சியாளரின் யோசனையைக் கேட்டு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலத்தில் அதை எடுப்பதில்லை என்று விதி செய்து காத்தார்கள். அதன் பலனாக 2014-இல் ‘மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்’ என்னும் சர்வதேச ஸ்தாபனத்தின் நற்சான்றைப் பெற்ற இந்தியாவின் முதல் மீன்பிடிப்பாக அது விளங்கிற்று. கட்டுப்பாடும் ஒற்றுமையும் இருந்தால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது தண்ணீர். சிப்பியினங்கள் நீரை வடிகட்டியே உண்கின்றன. வளர்ந்த ஆளி ஒன்று, சூழ்நிலை இசைந்தால், ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீரை வடிகட்ட வல்லது. ஆதலால் நீரில் உள்ள நன்மையும் விஷமும் அதன் உடலில் தங்குகின்றன. 1997-இல் கேரளத்து விழிஞ்ஞம் கரையில், நச்சுப்பாசியை உண்டிருந்த சிப்பியைத் தின்று ஏழு பேர் இறந்துபோனார்கள்; அந்த விஷம் சமைத்தாலும் போவதில்லை. அந்தப் பாசி கடலில் தானாகப் பெருகுவது. ஆகவே அதைக் கண்காணித்து மக்களை எச்சரிக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு. நாமே கலக்கும் விஷத்துக்கோ அந்தச் சமாதானமும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவரின் வலையும் படகும் கறுத்ததைப் பலரும் பார்த்தார்கள். சேற்றுக்கடியில் கிடந்த மட்டியை எண்ணியவர் எத்தனை பேர்? கழிமுகத்தைச் சாக்கடையாக்கிவிட்டு, தொலைதேசத்துச் சிப்பியை உறைபனியில் தருவித்து உண்பது நாகரிகமாகாது.

மோதி பாக் அன்பருக்கு என் விடை இதுதான். உங்கள் புதல்வர் சமைத்தது நல்ல உணவு. விரும்பியவர் உண்ணட்டும், விரும்பாதவர் விடட்டும். ஆனால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, நம்பகமான நீர்நிலையிலிருந்து வந்ததா என்று விசாரித்து, உயிருள்ள மட்டியாகப் பார்த்து வாங்கி, உங்கள் புதல்வருக்கும் அதைச் சமைத்துக் கொடுங்கள். அப்படி விசாரித்து வாங்குவோர் பெருகினால்தான் கழிமுகங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டுமென்று கேட்பதற்கும் ஆட்கள் பெருகுவார்கள்.