உஷார்! பூட்டை உடைத்தவர்களைக் காணவில்லை

2024 ஜூலை 14, நள்ளிரவு. வங்கதேசத்தின் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரொகேயா பெண்கள் விடுதி. இரவானால் பூட்டிவிடும் கதவு. அன்று மாணவிகள் பூட்டை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அரசு வேலை இடஒதுக்கீட்டுச் சண்டையாக இருந்தது, ஆட்சியையே அசைக்கும் போராட்டமாக மாறத் தொடங்கியது அந்த இரவில்தான்.

மறுநாள் ஆளுங்கட்சி மாணவர் அணி தடியோடு வந்தது. பெண் என்றும் பார்க்கவில்லை. ரத்தம் வழிய நின்ற மாணவியின் படம் செல்போனுக்கு செல்போன் பரவியது. அடுத்த இரவே ரொகேயா விடுதிப் பெண்கள் அந்த அணியின் தலைவிகளை வெளியே துரத்தினார்கள். ஆகஸ்ட் 5, பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டே ஓடினார்.

கோட்டை விட்டது அதற்குப் பிறகு.

ஆகஸ்ட் 8 அன்று பொருளாதார அறிஞர் யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு. போராடிய மாணவர்கள் சார்பில் அன்று உள்ளே போனவர்கள் இரண்டு பேர், இருவரும் ஆண்கள். (மூத்த பெண்கள் சிலர் அந்த அரசில் இருந்தார்கள், மறுக்கவில்லை. களத்திலிருந்து ஒரு மாணவிகூட இல்லை.) சீர்திருத்தங்களுக்குக் கட்சிகளை ஒத்துப்போகவைக்க 2025 பிப்ரவரியில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள்!

இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வங்கதேச நாடாளுமன்றத்தில் 350 இடங்கள். அதில் பெண்களுக்கான 50 இடங்களுக்கு மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. ஜெயித்த கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். அதை 100 ஆக்கி நேரடித் தேர்தல் வையுங்கள் என்றது அரசியலமைப்புச் சீர்திருத்த ஆணையம். கட்சிகள் பேசின, பேசின. 2025 அக்டோபரில் கையெழுத்தான சீர்திருத்த உடன்படிக்கையான ஜூலை சாசனத்தில் மிஞ்சியது அதே 50. கூடவே, ஒவ்வொரு கட்சியின் பொதுத் தொகுதி வேட்பாளர்களிலும் குறைந்தது 5 சதவீதம் பெண்கள். 300 தொகுதிக்கு 15 பேர். வாக்காளர்களில் ஏறக்குறைய பாதி பெண்கள்.

அரசு வேலையில் முன்பு பெண்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருந்தது. 2024 ஜூலை 21 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அதுவும் போயிற்று. ஒதுக்கீடே வேண்டாம் என்ற மாணவிகளும் உண்டு. அது அவர்கள் நியாயம். வேலையில் சலுகை வேண்டாம் என்றவளை, அதிகாரத்தில் பங்கே வேண்டாம் என்றவளாக நினைத்துக்கொண்டால் எப்படி?

இதில் வேடிக்கை, அந்த விடுதிக்குப் பெயர் தந்த பேகம் ரொகேயா, ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் ஆளும் நாட்டை 1905-லேயே கதையாக எழுதியவர்.

போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளே, கோஷம் போடவும் படத்துக்கு முன்வரிசையில் நிற்கவும் உங்களைக் கூப்பிடுவார்கள். போங்கள். ஆனால் முடிவெடுக்கும் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஆண்கள் விடுதி அறையில், இரவு பதினொன்றுக்கு என்றால் அப்போதே இடத்தை மாற்றச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை, அவர்கள் வண்டி ஏறும் முன்பே கையில் வாங்கிப் பாருங்கள்.