சிற்றன்னையும் உதிரிப்பூக்களும்

மூலக்கதையைவிடப் படம் மேல் என்றால் இலக்கிய வாசகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலையும், அதிலிருந்து மகேந்திரன் 1979இல் உருவாக்கிய 'உதிரிப்பூக்கள்' படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அப்படிச் சொல்ல நியாயம் இருக்கிறது. குறுநாவலில் தாயை இழந்த வீடுதான் களம். படத்திலோ அஸ்வினி நடித்த லட்சுமி, நோயோடும் மௌனத்தோடும் நெடுநேரம் நம் கண்முன் வாழ்கிறாள். அவளோடு பழகிய பிறகே அவளை இழக்கிறோம். அதனால்தான் அவளுடைய குழந்தைகளின் தனிமை அவ்வளவு வலிக்கிறது. ஊரார் கரையில் நிற்க, அவள் கணவன் சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்கும் முடிவும் மகேந்திரன் சேர்த்ததே.

இவ்வளவு மாற்றினால் இது தழுவலா, ஒப்பிடுவது முறையா என்று கேட்கலாம். சுந்தரவடிவேலு என்ற பெயரும் தாயற்ற இரு பிள்ளைகளும் புதுமைப்பித்தன் தந்தவை. மகேந்திரன் அந்தக் கடனை மறைக்கவுமில்லை. புதுமைப்பித்தனின் நடைக்குப் படத்தில் ஈடு கிடையாது, அதை மனமார ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அசோக்குமாரின் ஒளிப்பதிவில் பேச்சே இல்லாமல் நிற்கும் அந்தப் பிள்ளைகளின் முகங்களுக்கு, குறுநாவலில் ஈடான பக்கம் இல்லை.