வரி முடிந்தாலும் தொடர் முடிவதில்லை

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் டீக்கடையில் தமிழ் நாளிதழ் படிப்பவர், ஒரு வரியின் கடைசியில் ‘மருத்துவ’ என்றும் அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘மனை’ என்றும் இருந்தால் தடுமாற மாட்டார். பத்தியின் அகலம் போதாமல் சொல் உடைந்திருக்கிறது; கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும். கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். மரபணுத் தொடர்க் கோப்பைப் படிக்கும் வேலையில் பாதி இதுதான்.

ஸ்ரீராம்புரத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, இந்திய அறிவியல் நிறுவன வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2020இல் தொடங்கிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தை ஒருங்கிணைத்தது அந்த மையம்தான். சுமார் 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதித் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒருவரின் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். ஆனால் இத்துறையின் அடிப்படைக் கோப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளே. அவற்றின் விதி தெரிந்தால் கல்லூரி மாணவரும் படிக்கலாம்.

அவற்றில் எளியது ஃபாஸ்டா வடிவம். ‘>’ குறியோடு தொடங்கும் வரி தலைப்பு. அதன்கீழ் ஏ, சி, ஜி, டி எழுத்துகள் பல வரிகளாக வரும். அடுத்த ‘>’ வரும்வரை எல்லாம் ஒரே தொடர்.

கொரோனா வைரஸின் மேற்கோள் தொடரில் 29,903 எழுத்துகள். வரிக்கு 70 வீதம் 428 வரிகள். வரி முடிவுக் குறியையும் எண்ணினால் 30,331 என்று வரும். வைரஸில் இல்லாத 428 எழுத்துகள் முளைத்துவிடும். தேடும்போது இன்னும் ஆபத்து. புரதத் தொடக்கத்தைக் காட்டும் ‘ஏடிஜி’யில் ‘ஏடி’ ஒரு வரியிலும் ‘ஜி’ அடுத்த வரியிலும் விழுந்தால், வரி வரியாகத் தேடும் நிரலுக்கு அது அகப்படாது.

பைத்தானில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கோப்பை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றாமல் ஒவ்வொரு வரியாக எடுங்கள். வரி முடிவுக் குறியை நீக்குங்கள். ‘>’ வந்தால் அதுவரை சேர்த்த தொடரை ஒப்படைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்; இல்லையென்றால் இருப்பதோடு ஒட்டுங்கள். கோப்பு முடிந்ததும் கையில் இருக்கும் கடைசித் தொடரையும் ஒப்படையுங்கள். அதற்குப் பின்னால் ‘>’ வராது என்பதால் பலரின் நிரலில் அது காணாமல் போகிறது.

மரபணு எழுத்துகளைப் படித்தெடுக்கும் வரிசையாக்கக் கருவி தருவது ஃபாஸ்ட்க்யூ வடிவம். இதில் வழக்கமாகத் தொடருக்கு நான்கு வரிகள்: ‘@’ தலைப்பு, எழுத்துகள், ‘+’, தரக்குறிகள். தரக்குறியின் ஆஸ்கி எண்ணிலிருந்து 33ஐக் கழித்தால் தர மதிப்பு. ‘?’ குறியின் எண் 63, மதிப்பு 30, அதாவது அந்த எழுத்து தவறாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. ‘@’ குறியும் ஒரு தரக்குறிதான், மதிப்பு 31. ஆகவே ‘@’ கண்ட இடமெல்லாம் தலைப்பு என்று எண்ணக் கூடாது. நான்கு நான்காக எண்ணிப் படிக்க வேண்டும்.

பயோபைத்தான் நூலகம் இவற்றையெல்லாம் செய்துதரும். பெரிய வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். அதற்குமுன் ஒருமுறை, இரண்டே தொடர்கள் உள்ள கோப்பைக் கையால் எழுதுங்கள். ஒன்றில் ‘ஏடிஜி’யை வரியின் விளிம்பில் உடைத்து வையுங்கள். உங்கள் நிரல் இரண்டு தொடர்களையும் எண்ணி, உடைந்ததையும் கண்டுபிடித்தால், 300 கோடி எழுத்துகளை அதனிடம் நம்பிக் கொடுக்கலாம்.