சோஃபாவுக்குப் பின்னாடி சுவர் காலியா இருக்கா? பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கிரகப்பிரவேசம் முடிந்து, சோஃபாவை இறக்கி ஹாலில் சுவரோரம் போட்டாச்சு. உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரிதான். எழுந்து நின்று பார்த்தால்தான் சோஃபாவுக்கு மேலே சுவர் வெறிச்சோடிக் கிடப்பது தெரிகிறது. "அங்க ஏதாவது மாட்டணுமே" என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். அடுத்த வாரமே பிவிசி பேனல், ஒட்டும் வால்பேப்பர், ஆன்லைனில் வாங்கிய மூன்று பிரேம் என்று ஏதோ ஒன்று சுவரில் ஏறிவிடும்.

ஆறு மாதம் கழித்து வால்பேப்பர் ஓரம் பிரிகிறது, பேனலுக்குப் பின்னால் ஈரம் கசிகிறது, ஆணி ஆடுகிறது. தவறு எங்கே நடந்தது? பொருளைத் தேர்ந்தெடுத்தோம், சுவரைப் பார்க்கவில்லை.

திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே இருக்கிறது சிறுவாச்சூர். திங்கள், வெள்ளிக் கிழமைகளில் நடை திறக்கும் மதுரகாளியம்மன் கோயிலால் பலருக்கும் தெரிந்த ஊர். இங்கே ஒரு புது வீடு, அதில் 10 அடி அகலச் சுவர், அதன் முன்னால் 7 அடி சோஃபா என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சுவரை எப்படி அழகுபடுத்தலாம்? எதைக் கவனிக்க வேண்டும்? இதே மாவட்டத்தில் கிடைக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள் எப்படி உதவும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சுவர் காய்ந்திருக்கிறதா?

சுவரில் வெள்ளைப் பொடி மாதிரி உப்பு பூத்திருந்தாலோ, பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருக்கிறதா, மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, வெளிப்பக்கம் மழைத்தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நான்கு பக்கமும் இடைவெளி விடாமல் டேப் போட்டு சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சுவரைத் தொட்டிருந்த பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது.

அப்படி இருந்தால் அலங்காரத்தைத் தள்ளிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஈரச் சுவரில் பிவிசி பேனல் அடித்தால் ஈரம் போகாது, மறைந்துதான் இருக்கும். வால்பேப்பரின் பசை விட்டுவிடும். எம்டிஎஃப் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகு அடுத்த வேலையைப் பாருங்கள்.

தலையில் எண்ணெய்.. சுவரில் கறை!

நம்ம ஊர் வீடுகளில் சோஃபா சுவரைக் கெடுக்கும் பெரிய விஷயம் இதுதான். சுவரை ஒட்டி சோஃபா போட்டால், சாய்ந்து உட்காருபவர்களின் தலை சுவரில் படும். கொஞ்ச நாளில் வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை விழும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, சோஃபாவை சுவரிலிருந்து 2 - 3 அங்குலம் தள்ளிப் போடுவது. பின்னால் காற்றும் போகும், பெருக்கவும் வசதி. இரண்டாவது, அந்த ஒரு சுவருக்காவது கழுவக்கூடிய எமல்ஷன் பெயின்ட் அடிப்பது. டிஸ்டெம்பர் அடித்த சுவரை ஈரத்துணியால் துடைத்தால் கறையோடு சேர்ந்து நிறமும் வந்துவிடும்.

எவ்வளவு பெரிதாக, எவ்வளவு உயரத்தில்?

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, பெரிய சுவரில் சின்னப் படத்தை, அதுவும் உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டுவது. நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

வீட்டு அலங்காரத்தில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு இது. மாட்டும் பொருளின் மொத்த அகலம், சோஃபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். நம் சோஃபா 7 அடி, அதாவது 84 அங்குலம். அதில் மூன்றில் இரண்டு பங்கு 56 அங்குலம். ஒரே பெரிய பொருளாகவும் இருக்கலாம், மூன்று படங்கள் சேர்ந்த அகலமாகவும் இருக்கலாம். இடைவெளியையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

உயரத்துக்கு வருவோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 - 60 அங்குலத்தில் இருந்தால், நிற்பவரின் கண்மட்டத்துக்குச் சரியாக வரும். படத்தின் அடிப்பகுதிக்கும் சோஃபாவின் முதுகுக்கும் இடையே 6 - 8 அங்குலம் விடுங்கள். சோஃபா முதுகு 35 அங்குல உயரம், படம் 30 அங்குல உயரம் என்றால், 42-வது அங்குலத்தில் படம் தொடங்கும். அதன் நடுப்பகுதி 57 அங்குலத்தில் வரும். கணக்கு சரியாகப் பொருந்துகிறது பாருங்க.

வாங்குவதற்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். பழைய செய்தித்தாளை அதே அளவுக்கு வெட்டி டேப் போட்டு சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் போகவர பாருங்கள். பெரிதா, சின்னதா என்று அதுவே சொல்லிவிடும். செலவு கிடையாது.

மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது அரும்பாவூர்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைப் பக்கம் இருக்கும் ஊர் அரும்பாவூர். இந்த ஊரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடும் அதே சமயத்தில்தான் இந்த அங்கீகாரத்தைப் பெற்றது.

அரும்பாவூர் சிற்பத்தின் சிறப்பு, அதை ஒரே மரத்துண்டில் கையால் செதுக்குவது. மா, வாகை, வேம்பு உள்ளிட்ட மரங்களைப் பயன்படுத்துகிறார்கள். கோயில் சிற்பங்களின் சாயலை இவர்களின் வேலைப்பாட்டில் பார்க்கலாம்.

சுவரில் பத்துப் பொருளை நிரப்புவதைவிட, இப்படி ஒரு செதுக்குப் பலகையை நடுவில் மாட்டினாலே ஹாலின் தோற்றம் மாறிவிடும். மேலே இருந்து ஒரு மஞ்சள் ஒளி எல்இடி விளக்கைச் சாய்வாகப் போட்டால் போதும். செதுக்கலின் மேடு பள்ளங்களில் நிழல் விழுந்து வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும்.

கைவேலையா, மெஷினா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தையில் கணினி மெஷினில் வெட்டிய பலகைகளும் நிறைய வருகின்றன. அதை வாங்குவது தவறில்லை. ஆனால் கைவேலைக்கான விலையைக் கொடுத்து மெஷின் பலகையை வாங்கிவிடக் கூடாது.

ஒரே டிசைனில் இரண்டு பலகைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோட்டுக்குக் கோடு அச்சு அசலாக இருந்தால் மெஷின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கத்தையும் ஓரத்தையும் பாருங்கள். மரத்தின் ரேகை முன்பக்கத்திலிருந்து ஓரம் வரை தொடர்ந்தால் அது முழு மரம். ரேகையே இல்லாமல் மாவு அழுத்தியது போல இருந்தால் எம்டிஎஃப்.

புவிசார் குறியீடு என்பது அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கான பாதுகாப்பு. 1999-ம் ஆண்டு இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு வழி செய்கிறது. அதற்காக "அரும்பாவூர்" என்று போர்டு வைத்த எல்லாக் கடையிலும் அசல் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. முடிந்தால் ஊருக்கே போய், செதுக்குகிற இடத்தில் பார்த்து வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் உளி பிடித்தவர் கைக்கே நேராகப் போகும். தமிழ்நாடு அரசின் கைத்திறன் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கும்போது மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி, "மரம் நல்லா காஞ்சதுங்களா?" என்பது. காயாத மரத்தில் செதுக்கினால், பெரம்பலூர் வெயிலுக்கு விரிசல் விட்டுவிடும்.

சாமி சிற்பத்தை சோஃபாவுக்கு மேலே மாட்டலாமா?

"சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்காரக் கூடாது" என்று பல வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் சோஃபாவில் கால் நீட்டிப் படுப்பதையும் சொல்வார்கள். இது அவரவர் வீட்டுப் பழக்கம், நம்பிக்கை சார்ந்த விஷயம். வீட்டில் மனத்தாங்கல் வேண்டாம் என்றால் மயில், யானை, யாளி, பூக்கொடி போன்ற வேலைப்பாட்டைக் கேட்டுச் செய்து வாங்கலாம். சாமி சிற்பத்தை வாசலைப் பார்த்தபடி வேறு சுவரில் வைத்துக்கொள்ளலாம்.

இதுதான் ரொம்ப முக்கியம்: எடை

சோஃபா சுவருக்கும் மற்ற சுவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே மாட்டுவதற்குக் கீழே எப்போதும் ஆள் இருப்பார். தாத்தா டிவி பார்ப்பார், குழந்தை மேலே ஏறிக் குதிக்கும். அவிழ்ந்து விழுந்தால் தலையில்தான் விழும்.

3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலத் தடிமன் உள்ள மரப்பலகை, செதுக்குவதற்கு முன் 17 முதல் 20 கிலோ வரை வரலாம். செதுக்கிய பிறகும் 10 கிலோவைத் தாண்டலாம். இதற்கு சுத்தியலால் அடித்த ஒற்றை ஆணி போதாது. சுவரின் மேற்பூச்சு அரை அங்குலத் தடிமன்தான் இருக்கும். ஆணி அந்தப் பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் பூச்சோடு பெயர்ந்து வரும்.

செய்ய வேண்டியது இதுதான்:

* டிரில் போட்டு, பிளக் இறக்கி, ஸ்க்ரூ முறுக்க வேண்டும். ஸ்க்ரூ பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் போக வேண்டும்.
* குறைந்தது இரண்டு இடத்தில் பிடிமானம் கொடுங்கள். ஒன்று விட்டாலும் மற்றொன்று தாங்கும்.
* ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளக் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று தனி பிளக் இருக்கிறது. சுவர் எதால் கட்டியது என்று கடையில் சொல்லி வாங்குங்கள்.
* கண்ணாடி போட்ட பிரேம் என்றால், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடச் சொல்லுங்கள். உடைந்தாலும் கண்ணாடி மாதிரி சிதறாது.
* சோஃபாவுக்கு நேர் மேலே ஷெல்ஃப் அடித்து, பூந்தொட்டியும் பித்தளைச் சாமானும் அடுக்குவதைத் தவிருங்கள்.

டிரில் போடும் முன் வயரிங் எங்கே?

இப்போது எல்லா வீட்டிலும் வயர் சுவருக்குள்தான் ஓடுகிறது. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடவே கூடாது. பைப் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் இறங்கியிருக்கும். ஏசி பாயின்ட், விளக்கு பாயின்ட் இருக்கும் கோடும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் வயரிங் செய்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பூச்சு வேலைக்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து டிரில் போட்டாலும் பைப் எங்கே போகிறது என்று தெரியும்.

பட்ஜெட் இல்லையா? போன் கேமரா போதும்

கைவேலைச் சிற்பம் இப்போதைக்கு முடியாது என்றால் ஒரு நல்ல புகைப்படம் போதும். சாத்தனூர் கல்மரப் பூங்கா, ரஞ்சன்குடி கோட்டை, பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம் என்று சுற்றிலும் எவ்வளவோ இருக்கிறது. சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் சுமார் 12 கோடி ஆண்டுகள் பழமையானது. நீங்களே போய் எடுத்த படம் சுவரில் இருந்தால், வருகிறவர்களிடம் சொல்ல ஒரு கதையும் இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 12 மெகாபிக்சல் படத்தை சுமார் 20-க்கு 26 அங்குலம் வரை தெளிவாகப் பிரிண்ட் போடலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, பிரிண்ட்டில் மங்கலாகத் தெரியும். அசல் ஃபைலை பென்டிரைவில் கொண்டு போய்க் கொடுங்கள்.

மாட்டிய பிறகு பராமரிப்பு எப்படி?

மரச்சிற்பத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தூசி தட்டினால் போதும். மேற்கு ஜன்னல் வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் கழற்றி, பின்பக்கம் கரையான், பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஸ்க்ரூ ஆடுகிறதா என்றும் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாக..

ஈரம் பாருங்கள், அளவு எடுங்கள், பேப்பர் ஒட்டி ஒத்திகை பாருங்கள், வயர் இல்லாத இடத்தில் டிரில் போடுங்கள். கடைசியாகத்தான் கடைக்குப் போக வேண்டும். பொருள் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே உட்காருபவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரும்படி அது உறுதியாக நின்றால் சரி.