குகையில் காத்த சுடர்

தமிழ்நாட்டு மலைக்குகைகள் பல, பண்டைநாளில் துறவியர்க்கு உறைவிடமாக விளங்கின. பழனிக்கு அண்மையிலுள்ள ஐவர்மலையில் சமணப் பெரியோர் தங்கி அறம் வளர்த்ததை, அங்குள்ள சிற்பங்களும் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உணர்த்துகின்றன. மனிதர் தங்கிய குகைகள் இவ்வாறு பல. ஒரு தீச்சுடர் தங்கிய குகையும் இந்திய நாட்டில் உண்டு. அதுவே மகாராட்டிர மாநிலத்துப் பால்கர் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,500 அடி உயரமுள்ள மலையில் அமைந்த பஹ்ரோத் குகையாகும். பார்சி மக்களின் தலையாய புனிதத் தீ 12 ஆண்டுகள் அங்கே மறைத்துக் காக்கப்பட்டது என்பது அவர்தம் மரபு.

பார்சியர் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள். ஜரதுஷ்டிரர் என்னும் ஞானி அருளிய நெறி அவர்களுடையது. நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் ஆகிய மூன்றும் அந்நெறியின் தூண்கள். அவர்கள் தீயையே கடவுளாகக் கொள்வதில்லை. அஹுர மஸ்தா என்னும் இறைவனுடைய ஒளிக்கும் உண்மைக்கும் அடையாளமாகத் தீயைப் போற்றுகின்றனர்.

651-ஆம் ஆண்டில் பாரசீகப் பேரரசர் மூன்றாம் யஸ்தகிர்து கொலையுண்டார். அரேபியர் ஆட்சி அந்நாட்டில் நிலைபெற்றது. பின்னர், தம் நெறியைக் காக்க விரும்பிய சிலர் கடல் கடந்து குசராத்துக் கரையை அடைந்தனர். அவர்கள் வந்த காலம் 8-ஆம் நூற்றாண்டு என்பர் சிலர். 10-ஆம் நூற்றாண்டு என்பர் வேறு சிலர். சஞ்சானை ஆண்ட ஜாதி ராணா என்னும் மன்னர் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தார். நாட்டு மொழியைப் பேசவேண்டும். பெண்டிர் நாட்டு உடையை அணியவேண்டும். படைக்கலங்களைக் களையவேண்டும் என்பன அவர் விதித்த கட்டளைகளுட் சில. வந்தோர் அவற்றை ஏற்றனர். குசராத்தி அவர்களின் தாய்மொழியாயிற்று.

சஞ்சானில் அவர்கள் நிறுவிய தீக்கு ‘ஈரான்ஷா’ என்பது பெயர். இத்தகைய உயர்நிலைத் தீயை அமைப்பது எளிதன்று. பதினாறு வகைத் தீயை முதலில் திரட்டவேண்டும். மின்னல் வீழ்ந்து பற்றிய தீ, கொல்லனின் உலைத்தீ, குயவனின் சூளைத்தீ, பொற்கொல்லனின் தீ, சுடுகாட்டுத் தீ எனப் பலவும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொன்றையும் பலமுறை தூய்மை செய்து, இறுதியில் அனைத்தையும் ஒன்றாக்குவர். அதன்பின் அதனை அணையவிடலாகாது. ஒரு நாளின் ஐந்து பொழுதுகளிலும் குரவர் விறகிட்டு வழிபடவேண்டும். தம் மூச்சுக்காற்றுப் பட்டுத் தீ மாசுறாதிருக்க, அவர்கள் வெண்துணியால் வாயை மூடிக்கொள்வர்.

பல நூற்றாண்டுகள் அமைதியாகக் கழிந்தன. பின்னர்க் குசராத்துச் சுல்தானின் படை சஞ்சான்மீது எழுந்தது. அப்போர் 1465-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது என்பது பலர் கொள்ளும் கணக்கு; 14-ஆம் நூற்றாண்டின் இறுதி என்று கூறுவோரும் உளர். அடைக்கலம் தந்த அரசமரபுக்குத் துணையாகப் பார்சியர் 1,400 பேர் அர்தஷிர் என்பவர் தலைமையில் களம் புகுந்தனர் என்று, ‘கிஸ்ஸா-இ-சஞ்சான்’ என்னும் பாரசீகச் செய்யுள் நூல் உரைக்கிறது. பஹ்மன் கைகோபாது என்னும் குரவர் 1600-ஆம் ஆண்டையொட்டி இதனை இயற்றினார். அர்தஷிர் களத்தில் வீழ்ந்தார், சஞ்சானும் வீழ்ந்தது. எஞ்சியோர் வீட்டையும் நிலத்தையும் இழந்தனர். ஆயினும் தீயை இழந்திலர். அதனை ஏந்திக்கொண்டு பஹ்ரோத் மலை ஏறினர்.

குகை அவர்களுக்கு அரணாயிற்று. கோயிலின் கருவறைத் தீமீது கதிரவன் ஒளி படலாகாது என்பது அவர்கள் மரபு. குகையின் இருள் அதற்கு இசைந்தது. சூழ்ந்த காடு விறகு தந்தது. ஆனால் மேற்குக் கரையில் ஆண்டுதோறும் பெய்யும் பெருமழை எளியதன்று. பன்னிரண்டு கார்காலங்களிலும் உலர்ந்த விறகைச் சேமித்து வைத்தாலன்றிச் சுடர் நிலைத்திராது. உண்ணும் உணவுக்கே இடர்ப்பட்ட காலத்தும், தீக்கு உணவளிக்கும் முறை தவறாதிருந்தால்தான் அது பிழைக்கும். போரில் காட்டும் வீரம் ஒரு நாள் வீரம். நாள்தோறும் ஐந்துமுறை விறகிடும் பொறுமையோ பன்னிரண்டு ஆண்டு வீரம் அன்றோ?

இடர் நீங்கியபின் அத்தீ வான்ஸ்தா என்னும் ஊரில் 14 ஆண்டுகள் இருந்தது. பிறகு நவசாரிக்குச் சென்றது. அங்கு நெடுங்காலம் தங்கியது. இடையே சில காலம் சூரத்திலும் காக்கப்பட்டது. 1742-ஆம் ஆண்டில் கடலோரச் சிற்றூராகிய உத்வாடாவை அடைந்தது. இன்றும் அங்கேயே எரிந்துகொண்டிருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் வழியில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்னும் ஊர்கள் உள்ளன. வழிநடப்போர் தங்கிச் செல்ல முன்னோர் அமைத்த சத்திரங்களை அப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. நெடுவழி நடந்த அத்தீக்குப் பஹ்ரோத் குகையும் ஒரு சத்திரமே. இன்றும் பார்சியர் அம்மலை ஏறி வழிபாடு நிகழ்த்துகின்றனர்.

தமிழ்நாட்டிலும் பார்சியர் வாழ்கின்றனர். சென்னை இராயபுரத்தில் 1910-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவர்களது தீக்கோயில் உள்ளது. எனினும் அவர்களின் தொகை குறைந்து வருகிறது. 1941-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த பார்சியர், 2011-ஆம் ஆண்டில் 57,264 பேரே இருந்தனர். படையெடுப்பால் அணையாத சுடருக்கு, விறகிடும் கைகள் குறைவதே இன்று நேர்ந்துள்ள கவலை.

வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிந்து பசித்தோர்க்குச் சோறு அளிக்கிறது. உத்வாடாவின் தீயும் வடலூரின் அடுப்பும் நோக்கத்தால் வேறுபட்டவை. உணர்த்தும் உண்மையோ ஒன்றே. எத்தீயும் தானாக நிலைத்து எரிவதில்லை. நேற்று விறகிட்டவர் சென்றபின், இன்று விறகிட ஒருவர் முன்வரவேண்டும். மொழியும் கலையும் அறமும் அவ்வாறு வாழ்வனவே. முன்னோர் இட்ட விறகினால் மட்டும் அவை நாளை எரியா.