நாற்காலி வேலையும் நடமாட்டமும்

சென்னையின் மீனவர் ஊரான ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வலை சரிசெய்வதும் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். மணலில் கால் நீட்டி அமர்ந்து, கிழிசலுக்குப் பக்கத்து வலைக்கண்ணைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, நூல் சுற்றிய ஊசியால் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டு போவார்கள். மணிக்கணக்கில் நீளும் வேலை. ஆனாலும் வலையைப் புரட்டவும் உதறவும் மடித்துத் தூக்கவும் இடையிடையே எழுந்தாக வேண்டும். விடியுமுன் படகைத் தள்ளிப் போய், கடலில் வலை இழுத்துத் திரும்பிய உடம்பு அது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கும், அடையாறு வட்டாரத்தின் வங்கிகளிலும் கணினி நிறுவனங்களிலும் நடப்பது வேறு வகை உட்காருதல். முன்பெல்லாம் ஒரு கோப்பு வேண்டுமென்றால் அலமாரிவரை போக வேண்டும். இப்போது கோப்பு திரைக்குள் வந்துவிட்டதால் அந்த நாலு எட்டு நடையும் போய்விட்டது.

தொடை, இடுப்புத் தசைகள் உடலின் பெரிய தசைகள். அவை வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சும்மா கிடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறிய சர்க்கரை இறங்க நேரமாகும். ரத்தக் கொழுப்பைப் பிரித்துத் தசைக்குக் கொடுக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதியும் மந்தமாகும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலின் ரத்தம் சுலபமாக மேலேறும். உட்கார்ந்தே இருந்தால் அது காலில் தேங்கும்; சாயங்காலம் செருப்பு இறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தையல்காரர் போன்ற உட்கார்ந்த தொழிலாளிகளின் நோய்களை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதினார். தெளிவான ஒப்பீடு 1953-இல் வந்தது. ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் லண்டனின் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். ஒரே பேருந்து, ஒரே நிர்வாகம். ஓட்டுநர் இருக்கையில், நடத்துநர் நாள் முழுதும் படிக்கட்டில். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக இருந்தது. தபால்காரர்களையும் அலுவலக எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் அதே போக்கு. பிறகு சீருடை அளவுகளைப் பார்த்த மோரிஸ், வேலையில் சேரும்போதே ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்ததையும் 1956-இல் வெளியிட்டார். ஆக, எல்லா வேறுபாட்டுக்கும் இருக்கையே காரணமில்லை. அதைத் தாமே சொன்னதால்தான் அவர் ஆய்வுக்கு மதிப்பு கூடுகிறது.

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் 54.4 சதவீதம் பேர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள். இந்தியர்களுக்கென 2012-இல் வகுக்கப்பட்ட வழிகாட்டுதல் நாளுக்கு 60 நிமிடம் கேட்கிறது: வேகநடை போன்றவை 30, தசைப் பயிற்சி 15, வேலையோடு சேர்ந்த அசைவு 15. கடைசிப் பதினைந்தைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை. நாற்காலிக்காரர்களுக்கு அதுவே முதலில் வேண்டியது.

பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டிய 2016-ஆம் ஆண்டு ஆய்வு, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதன் கேட்டை ஈடுகட்ட 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்றது. அவ்வளவு நேரம் பலருக்குக் கிடைக்காது. 2023-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. பதினொரு பேரிடம் மட்டும் செய்த சிறு ஆய்வு. ஆனால் திசை தெளிவு.

சென்னை வெயிலில் மதிய நடைக்குத் தாழ்வாரம் போதும். சாப்பிட்டவுடன் உட்காராமல் பத்து நிமிடம் உலாவலாம். செல்பேசி வந்தால் எழுந்து பேசலாம். சிறிய தண்ணீர்ப் புட்டி வைத்துக்கொண்டால் நிரப்பவாவது எழ வேண்டியிருக்கும். மாலையில் கடற்காற்று வீசும்போது எலியட்ஸ் கடற்கரையிலிருந்து குப்பத்துப் பக்கம் மணலில் நடந்தால், தார்ச்சாலையைவிடக் கால் கூடுதலாக உழைக்கும். ஆமை முட்டையிடும் பருவத்தில், 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவில் நடக்கிறார்கள், பொதுமக்களும் சேரலாம்.

இதற்காக நாளெல்லாம் நிற்பதும் தீர்வல்ல. நின்றபடியே வேலை செய்தால் காலின் ரத்த நாளங்கள் புடைக்கலாம், முதுகு வலிக்கலாம். தி.நகர் ஜவுளிக் கடை விற்பனைப் பெண்கள் பட்ட பாடு அது. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. கடும் உழைப்பால் மீனவர்களுக்கும் முதுகுவலி, மூட்டுவலி வருவதுண்டு. நின்றாலும் இருந்தாலும் அரை மணிக்கு மேல் ஒரே நிலையில் நீடிக்காமல் மாற்றிக்கொள்வதுதான் உடம்பு கேட்பது.